கெசட்டில் ஏறிய பேர்

அபுல் ஹஸனுக்குத் தன் சகலன் கச்சிமுகம்மதிடம் ஒரேயொரு குறைதான் இருந்தது. அந்த மனுசனில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தொழுகையில் பிந்துவாரா என்றால் இல்லை. வாய் நீளமா என்றால் அதுவும் இல்லை. கடைக்கு ஓர் ஆணி வாங்க வருகிறவனுக்கும் கதிரை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். இப்படிப்பட்ட ஒருவரை ஒரே வளவுக்குள் வைத்துக்கொண்டு இருபது வருசம் பொறாமைப்படுவது லேசான வேலையில்லை. அபுல் ஹஸன் அதை ஒரு நாள் விடாமல் செய்துவந்தார்.

இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். மூத்தவள் சரீபாவுக்குக் கட்டிய வீட்டுக்கு அபுல் ஹஸன் அறுபத்தெட்டாம் வருசம் வந்தார். இளையவள் சுல்பிகாவுக்கு அதே வளவில் இன்னொரு வீட்டைக் கட்டி, எழுபத்தைந்தில் கச்சிமுகம்மதைக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு கிணறு. அந்த வீட்டில் தேங்காய் துருவினால் இந்த வீட்டில் கேட்கும். பெண்கள் வேலிக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொள்வார்கள், ஆண்கள் ஸலாம் மாற்றிக்கொள்வார்கள். முறைக்கு மூத்தவர், அண்ணன் மாதிரி என்றபடியால் கச்சிமுகம்மது அவரைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் ‘காக்கா’வில் மரியாதை ஒரு சொட்டாவது குறைகிறதா என்று அபுல் ஹஸன் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறார். குறையவில்லை. அதுவும் எரிச்சல்தான்.

அபுல் ஹஸன் கல்முனைக் கோட்டுக்கு முன்னால் ஒரு பிரக்கிராசியின், அதாவது வக்கீலின், கந்தோரில் டைப் அடிப்பவர். தமிழுக்கொரு மெசின், இங்கிலீசுக்கொரு மெசின். காணி உறுதி, பெட்டிசம், வழக்கு மனு என்று ஊரில் பாதிப் பேரின் தலையெழுத்து அவர் விரலால் போனதுதான். கார்பன் வைத்து நகல் எடுக்காமல் ஒரு தாளும் அடிக்கமாட்டார். ‘நகலில்லாத தாள் தாய் தகப்பனில்லாத பிள்ள’ என்பது அவர் வாய்ப்பாடு. வீட்டிலும் ஒரு பழைய மெசின் இருந்தது. கட்டிலுக்குக் கீழே இரண்டு இரும்புப் பெட்டி நிறைய நகல்.

கச்சிமுகம்மது பசாரில் ஆணி, சீமெந்து, தகரம் விற்றார். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு கரையோரமெல்லாம் கூரைத்தகரம் தேடித் திரிந்தபோது கடை ஏறிவிட்டது. முதலில் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கேட்காமலே அபுல் ஹஸன் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீரில் குளிக்கும்போதெல்லாம் அபுல் ஹஸனுக்குத் தலை குளிர்ந்து வயிறு எரிந்தது. பிறகு மேல்வீடு வந்தது. பிறகு ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பும்போது ‘இது காக்காக்கு’ என்று ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். கட்டினால் தோற்றதாகும், கட்டாவிட்டால் ஊர் கேட்கும். மேசை லாச்சிக்குள் கிடந்து அது தானாக நின்றுபோனது.

ஒன்றே ஒன்றில்தான் அபுல் ஹஸன் பெரியவர். அது ஊர்ச் சாவுகளைக் கவனிக்கிற ஜனாஸா நலன்புரிச் சங்கம்.

சூறாவளி அடித்த மறுநாள் ஊரில் இறந்தவர்களின் மையத்துகளைச் சுமக்கச் சந்தூக்குப் பெட்டி இல்லை. பள்ளியில் இருந்த ஒன்றின் மேல் சுவர் விழுந்திருந்தது. சனம் வீட்டுக் கதவுகளைக் கழற்றி, கதவுப் பலகையில் மையத்தை வைத்துத் தூக்கிப் போனார்கள். அபுல் ஹஸன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக நடந்து பலகை கேட்டு, தச்சனைப் பிடித்து, ஒரு சந்தூக்குச் செய்வித்தார். மையத்தைச் சுற்றக் கபன் துணி வாங்கி வைத்தார். பதினாலு பேரைச் சேர்த்து, யாப்பு எழுதி, செயலாளர் என்ற இடத்தில் கையொப்பம் வைத்தார். சங்கத்துக்குக் கட்டடம் இல்லாததால் சந்தூக்கு அவர் வீட்டுப் பின்விறாந்தையில் ஏறியது. பதினேழு வருசம் அங்கேயே கிடந்தது. சரீபா அதற்குப் பக்கத்திலிருந்துதான் அரிசி புடைத்தாள், பிள்ளைகளுக்குத் தலை வாரினாள். ஊரில் யார் மவுத்தானாலும் முதல் தட்டு அவள் கதவில். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தச் சங்கத்துக்குள்ளும் கச்சிமுகம்மது வந்துவிட்டார். மழைக்குள் நனைந்துகொண்டு கபுறடியில் அடக்கத்துக்கு நிற்கிற சனத்தைப் பார்த்து மனம் கேளாமல் பெரிய கூடாரம் ஒன்றைத் தந்தார். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி, தலைவராகக் கச்சிமுகம்மது ஹாஜியாரைப் பிரேரித்தார். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். யாப்பின்படி அந்தக் கைகளை எண்ணவேண்டியவர் செயலாளர் அபுல் ஹஸன். எண்ணினார்.

இப்படியே போயிருந்தால் இருவரும் கிழவர்களாகிச் சேர்ந்து அடங்கியிருப்பார்கள். தொண்ணூற்று நாலாம் வருசக் கடைசியில் சபியா உம்மா என்ற பிள்ளையில்லாத விதவை, பெரிய தெருவில் தனக்கிருந்த பத்துப் பேர்ச் நிலத்தைச் சங்கத்துக்குத் தருவதாகச் சொன்னாள்.

“சந்தூக்கு எத்தின காலத்துக்குச் சரீபாட விறாந்தையில கிடக்கிற?” என்றாள். “எண்ட காணியில ஒரு வீட்டக் கட்டி வைங்க.”

பிரக்கிராசி உறுதி எழுத மறுத்தார். சட்டத்தின் கண்ணுக்கு இந்தச் சங்கம் ஓர் ஆளே இல்லை. ஆளில்லாத ஒன்றின் பேரில் நிலம் எழுத முடியாது. அதை ஆளாக்கவேண்டுமென்றால் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்யவேண்டும். கூட்டிணைத்தல் சட்டம் என்று அதற்குப் பேர்.

அபுல் ஹஸனுக்குப் புது உயிர் வந்தது. கச்சிமுகம்மது தகரம் கொடுப்பான், கூடாரம் கொடுப்பான். சட்டம் எழுதுவானா? பிரக்கிராசியின் அலுமாரியிலிருந்து பழைய சட்டங்களை இறக்கி, மூன்று மாதம் இருந்து, பதின்மூன்று வாசகத்தில் ஒரு சட்டமூலம் எழுதினார். தொடக்கத்தில் இப்படி ஒரு வரியை அடித்தார்: ‘கல்முனையைச் சேர்ந்த அபுல் ஹஸன் என்பவரால் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டில் தாபிக்கப்பட்ட சங்கமொன்று இருப்பதனால்.’

அடித்துவிட்டுப் பார்த்தார். கபுறு மேல் நடுகிற மீசான் கல்லும் ஒரு நாள் சாயும், சட்டம் சாயாது. நூறு வருசம் கழித்து எந்தப் பிரக்கிராசி அலுமாரியைத் திறந்தாலும் இந்தப் பேர் அங்கே இருக்கும். மறு நிமிசமே வெட்கம் வந்தது. தன் பேரைத் தானே எழுதிக்கொண்டான் என்று ஊர் சிரிக்கும். முதல் ஆளாகக் கச்சிமுகம்மது சிரிப்பான். தாளை உருவி, புதுத் தாளில் பேரில்லாமல் அடித்தார். உருவிய தாளை எறிய மனம் வரவில்லை. அதன் மறுபக்கத்தில் அங்கத்தவர் பட்டியலை அடித்துக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

கட்டு எம்.பி.யிடம் போனது. அது இனிப் போகும் பாதையை அபுல் ஹஸன் தேத்தண்ணிக் கடையில் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விளக்கினார்.

“முதல்ல சட்ட மா அதிபர் பார்த்து, பிழையில்லையெண்டு சொல்லோணும். மறுகா கெசட்டுல போடுவாங்க. ஆருக்காவது ஆட்சேபம் இருந்தா ஒரு மாசத்துக்குள்ள எழுதலாம். அதுக்குப் பிறகுதான் சபையில முதலாம் வாசிப்பு. அமைச்சர்ர அறிக்கை வரும். ரெண்டாம் வாசிப்பு. நிலைக்குழுவில வரிவரியாப் பிரிச்சுப் பார்ப்பாங்க. மூண்டாம் வாசிப்புல சபை ஓமெண்டா, சபாநாயகர் ஒப்பம் வைப்பார். அந்த நேரத்திலயிருந்து அது சட்டம்.”

“ஒரு சந்தூக்குக்கு மூண்டு வாசிப்பா, காக்கா?” என்று ஒருவன் கேட்டான்.

“சந்தூக்குல போற ஆளுக்கும் மூண்டு தரம் தண்ணி ஊத்தித்தானே அனுப்புறம்,” என்றார் அபுல் ஹஸன். கடை சிரித்தது. அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

நல்ல நாள் நீடிக்கவில்லை. சங்கத்துக்கு வருகிற கடிதமெல்லாம் தலைவர் பேருக்கு வந்தது. எம்.பி.யின் டெலிபோன் கடைக்கு வந்தது. கொழும்புக்குப் போய்வந்ததும் கச்சிமுகம்மதுதான். எழுதிக் கறுத்தது என் விரல், ஏறி இறங்குவது அவன் கால் என்று அபுல் ஹஸன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

தொண்ணூற்றைந்து ஓகஸ்ட் கடைசியில் கொழும்பிலிருந்து வந்த கச்சிமுகம்மது நேரே அபுல் ஹஸன் வீட்டுக்கு வந்து, ஒரு சிங்களக் கெசட்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டினார். அபுல் ஹஸனுக்குச் சிங்களம் வாசிக்க வராது. தமிழும் இங்கிலீசும் இன்னும் அச்சில் என்றார்களாம். தமிழ் எப்போதும் பின்னால் வருகிற பஸ்ஸில்தானே வரும்.

“காக்கா, நம்மட சட்டமூலத்துல ஒரு பேர் ஏறியிரிக்கி,” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “ஆர்ர பேரெண்டு இப்ப சொல்லமாட்டன். தமிழ்க் கெசட் வரட்டும், பார்த்துக்கங்க.”

சொல்லிவிட்டுக் கெசட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அபுல் ஹஸன் அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரீபாவின் பக்கம் திரும்பினார்.

“ஏத்திட்டான். தன்ட பேரச் சட்டத்துல ஏத்திட்டான்.”

“அவர் அப்பிடிச் செய்ற ஆளில்ல,” என்றாள் சரீபா.

“உனக்கும் அவன்தான் பெரிய ஆளோ?”

சரீபா அரிசிச் சுளகை எடுத்துக்கொண்டு பின்விறாந்தைக்குப் போனாள். அவளுக்கு இந்தக் கதை இருபது வருசப் பழக்கம்.

மறுநாள் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் காரைதீவுப் புண்ணியமூர்த்தியிடம் அபுல் ஹஸன் வாயைக் கொஞ்சம் திறந்தார். புண்ணியமூர்த்திக்கு மூன்று மொழியும் தண்ணீர்.

“அதுக்கென்ன, சிங்களக் கெசட் ஒண்டு கச்சேரிக் கந்தோரில இருக்கும். எடுத்து வாறன். ரெண்டு நிமிசத்துல வாசிச்சுச் சொல்றன்,” என்றார் புண்ணியமூர்த்தி.

“தேவையில்ல. எனக்குத் தெரிஞ்ச விசயம்தான்.”

கச்சிமுகம்மது என்ற பேரை இன்னொருவர் வாயால், அதுவும் சட்டத்தின் நடையில், நிறுத்தி நிதானமாகக் கேட்க அவரால் முடியாது. இரண்டு நிமிச வேலை அது. அதற்கு ஒத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயை மூடியே கெட்டார்.

செப்டெம்பர் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவர் சோற்றைக்கூட மறந்து வீட்டு மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தார். பாராளுமன்றத்துக்கு ஆட்சேப மனு. மொட்டைக் கடிதத்தை அங்கே எடுக்கமாட்டார்கள், பேரும் ஒப்பமும் வேண்டும். பேர் வைத்து எழுதினால் சகலனுக்கு எதிராக எரிச்சலில் எழுதினான் என்று ஊர் பேசும். அபுல் ஹஸன் சும்மாவா முப்பது வருசம் பெட்டிசம் அடித்தார்? கொஞ்சம் யோசித்துவிட்டு அடித்தார்: ‘சங்கம் பொதுமக்களுடையது. ஆகையால் எந்தத் தனிநபரின் பெயரும், அது என் பெயராக இருப்பினும், இச்சட்டத்தில் இடம்பெறலாகாதென இச்சங்கத்தின் தாபகச் செயலாளராகிய நான் வினயமாக ஆட்சேபிக்கிறேன்.’

‘அது என் பெயராக இருப்பினும்.’ அந்த நாலு சொல்லை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். எவ்வளவு நேர்மை! எவன் விரல் நீட்டுவான் பார்ப்போம்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னத்த அடிக்கிறீங்க?” என்றாள் சரீபா.

“அவன்ட பேர உருவுறன்,” என்றார் அபுல் ஹஸன். நகலைப் பெட்டியில் போட்டார். மூலத்தைப் பதிவுத் தபாலில் போட்டார். அன்று மாலை கச்சிமுகம்மதின் தண்ணீரில் குளித்தபோது முதல் தடவையாக வயிறு எரியவில்லை.

மூன்று கிழமை கழித்துத் தமிழ்க் கெசட் வந்தது. கச்சிமுகம்மது கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதை மேசையில் விரித்தார். “முதல் பக்கம், முதல் வரி. படிங்க காக்கா.”

அபுல் ஹஸன் கண்ணாடியை மாட்டினார். ‘கல்முனையைச் சேர்ந்த அபுல் ஹஸன் என்பவரால்…’

அவருடைய வரி. அவர் அடித்த சொல், அடித்த ஒழுங்கு.

“அங்கத்தவர் பட்டியல்ட மறுபக்கத்துல கண்டன்,” என்றார் கச்சிமுகம்மது. “வெக்கத்துல எடுத்துப்போட்டீங்கெண்டு விளங்கிற்று. எம்.பி.ட்டச் சொன்னன், இந்த ஒரு வரி இல்லாட்டி எங்களுக்குச் சட்டமே வேணாமெண்டு. மூண்டு தரம் போனன் காக்கா இதுக்காக. உங்களுக்குச் சொல்லாம வெச்சிருக்க நான் பட்ட பாடு!”

அபுல் ஹஸன் அதே வரியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். சந்தோசத்தில் வாயடைத்துப் போனார் என்று நினைத்துக் கச்சிமுகம்மது அவர் தோளைத் தட்டிவிட்டுக் கடைக்குப் போனார். செயலாளர் பழக்கம் கையை விட்டுப் போகுமா? அந்த நிலையிலும் சங்கத்துக்கு வந்த கடதாசி என்று, கெசட்டின் மேல்மூலையில் ‘கிடைத்த திகதி’ முத்திரையைக் குத்தி, 29.9.95 என்று எழுதினார்.

பிறகுதான் தான் செய்தது உறைத்தது. தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாகட்டும் என்று இருப்பவர்கள் உண்டு. இங்கே எதிரியுமில்லை, சகுனமுமில்லை, மூக்கு மட்டும் போயிருந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று அடிவயிற்றில் கிளம்பியது. இன்னொருவன் பேரைத் தூக்கிவைத்துவிட்டு இவன் இப்படிச் சிரிக்கிறானே! எனக்கு ஏன் அது வராது? மோட்டாருக்கும் மேல்வீட்டுக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமேயில்லை. பொறாமைப்படத் தெரியாத அந்த மனசின் மேல் அபுல் ஹஸனுக்கு வந்த பொறாமைதான் பொறாமை.

விடிந்ததும் ‘மனுவை வாபஸ் பெறுகிறேன்’ என்று இரண்டு வரி அடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தார். பசாரில் கச்சிமுகம்மதின் கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கச்சிமுகம்மதின் கையில் பாராளுமன்றத்திலிருந்து வந்த இங்கிலீஸ் கடிதம். பக்கத்துக் கடைக்காரர் வாசித்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். தாபகர் அபுல் ஹஸன் தன் பெயர் உட்பட எந்தப் பெயரும் வேண்டாமென்று ஆட்சேபித்திருக்கிறார், நிலைக்குழு அதை விசாரிக்கும் என்று அதில் இருந்தது.

“இப்பிடியும் ஒரு மனிசனா!” கச்சிமுகம்மது நடுத்தெருவில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். “நேத்து வாசிச்சுப்போட்டு ஒண்டும் பேசாம இருந்தீங்களே, அப்பவே எனக்கு விளங்கியிருக்கோணும். இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது. பேர் தேடித் திரியிற இந்தக் காலத்துல…”

நேற்று வாசித்தவரின் மனு இன்று காலையில் எப்படிப் பாராளுமன்றத்தைத் தாண்டித் திரும்பி வந்தது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. நல்ல செய்திக்கு ஆர் கணக்குப் பார்க்கிறார்கள்? அபுல் ஹஸனின் சட்டைப்பைக்குள் வாபஸ் கடிதம் நசுங்கியது. தபால் கந்தோர் அடைக்கும் வரைக்கும் அவரைத் தேத்தண்ணி குடிக்க வைத்துப் புகழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். முதலாம் வாசிப்பு நடந்தது, அமைச்சரின் அறிக்கை வந்தது, இரண்டாம் வாசிப்பு நடந்தது. ஒவ்வொன்றாக அந்த வரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அவர் பேரோடு. ஊரில் அவரைக் கண்டால் வயதானவர்களும் எழும்பினார்கள். ஜும்ஆவில் பேஷ் இமாம் பேர் சொல்லாமல் ‘நம் ஊரில் ஒருவர்’ என்று பணிவைப் பற்றிப் பேசினார். அபுல் ஹஸன் தலையைக் குனிந்தார்; அதையும் பணிவென்று எடுத்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்றாறு வைகாசியில் நிலைக்குழு இருவரையும் கூப்பிட்டது. அதிகாலை பஸ்ஸில் போனார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கச்சிமுகம்மது அவர் பையையும் சேர்த்துத் தூக்கினார். ஜன்னல் பக்கத்தை அவருக்கு விட்டார். அபுல் ஹஸனின் சட்டைப்பையில், தபாலில் போடத் துணியாத அந்த வாபஸ் கடிதம் நசுங்கிய மடிப்போடு இருந்தது. ஒரு வார்த்தை போதும், பேர் நிற்கும். வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு போனார்.

குளிரூட்டிய அறை, நீண்ட மேசை. தலைவராக இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். கச்சிமுகம்மது எழும்பி நின்று, கை கூப்பாத குறையாகக் கெஞ்சினார்.

“ஐயா, வேணாமெண்டு அவர் சொல்றது அவர்ட பெரிய மனசு. அந்த மனசுக்காகத்தான் நாங்க கேக்கிறம். அந்த வரிய விட்டுவைங்க.”

குழுத் தலைவர் சிரித்தார். இருபது வருசத்தில் தன் பேரைப் போடச் சொல்லி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன், எடுக்கச் சொல்லி வந்தவரை இன்றுதான் காண்கிறேன் என்றார். பிறகு அபுல் ஹஸனைப் பார்த்து நேரே கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “உங்கள் ஆட்சேபத்தில் நீங்கள் இப்போதும் நிற்கிறீர்களா?”

அபுல் ஹஸனின் கை சட்டைப்பைக்குப் போனது. விரலில் கடதாசி பட்டது. பக்கத்தில் கச்சிமுகம்மது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கையில் கண்ட மனிதர்களிலேயே பெரிய மனிதரைப் பார்க்கிற பார்வை அது. கடிதத்தை எடுத்தால் பேர் கிடைக்கும், அந்தப் பார்வை போய்விடும். சகலனிடமிருந்து அவர் எதையாவது மனசாரப் பெற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

“ஓம்,” என்றார்.

லிகிதர் சிவப்புப் பேனையால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடுத்த வாசகத்துக்குப் போனார்கள்.

மூன்றாம் வாசிப்பு ஐந்து நிமிசத்தில் முடிந்ததாம். சபாநாயகர் ஒப்பம் வைத்தார். சங்கம் ஆளாகியது. சபியா உம்மாவின் நிலம் சங்கத்தின் பேருக்கு எழுதப்பட்டது, தகரக்கூரை போட்டு ஒரு கட்டடம் எழும்பியது. கூரைத்தகரம் யார் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

திறப்புவிழாவுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கச்சிமுகம்மது வந்தார். விறாந்தையிலிருந்த சந்தூக்கைப் புதுக் கட்டடத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“காக்கா, மூண்டு கடதாசியக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டப் போறம். முதலாவது உங்கட பேர் இரிக்கிற தமிழ்க் கெசட், உங்கட முத்திரையோட. கடைசியில சபாநாயகர் ஒப்பம் வெச்ச சட்டம். நடுவில உங்கட மனு. அதின்ட நகல் கட்டாயம் உங்கட்ட இரிக்கும். நாளைக்குக் காலையில தாங்க. நம்மட பிள்ளையள் படிக்கட்டும்.”

அவர் போனபிறகு அபுல் ஹஸன் கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்தார். நகல் மேலேயே கிடந்தது. தலைப்பில் திகதி 8.9.95. பக்கத்துக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கப்போகும் கெசட்டில் அவரே குத்திய முத்திரை 29.9.95. மூன்று கிழமை இடைவெளி. தன் பேர் அதில் இருப்பது தெரிவதற்கு மூன்று கிழமைக்கு முன்பே தன் பேரைத் துறந்த பெரிய மனிதர்! எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த எவனும் கண்டுபிடிப்பான். புண்ணியமூர்த்தி வருவார், முன்வரிசையில் இருப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார்.

சரீபா அறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“இஞ்சாருங்க. திகதிய மாத்தி அடிச்சுக் குடுங்க,” என்றாள். “ஒக்டோபர் எண்டு போடுங்க.”

அபுல் ஹஸன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலில் கோபமில்லை, கேலியுமில்லை. ஊரில் ஒருவர் மவுத்தானால் கபன் துணியை எடுத்துக் கொடுக்கும்போது அவள் பேசுகிற குரல்தான்.

“உனக்கு எல்லாம் தெரியுமே,” என்றார்.

“அண்டைக்கு ‘அவன்ட பேர உருவுறன்’ எண்டு என்னட்டத்தானே சொன்னீங்க.”

அவர் மெசினின் மூடியைக் கழற்றினார். ஒரு தாளை உருட்டினார். பழக்கத்தில் கார்பனுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். முப்பது வருசத்தில் முதல் தடவையாக நகலில்லாமல் ஒரு தாள் அடித்தார். 3.10.95 என்று திகதி போட்டார். பாராளுமன்றத்தின் பதில் அதற்கும் மூன்று நாள் முன்பே வந்ததை இனி ஆர் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்? ‘அது என் பெயராக இருப்பினும்’ என்ற இடம் வந்தபோது விரல் இரண்டு தரம் சறுக்கியது.

அடித்து முடித்து, ஒப்பம் வைத்து, பழைய நகலைக் கிழித்துப்போடலாம் என்று திரும்பினார். அது மேசையில் இல்லை. சரீபா அதை நாலாக மடித்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“அதத் தா, புள்ள. அது இனி எதுக்கு?”

“நகல ஒரு நாளும் எறியப்படாதெண்டு நீங்கதானே சொல்ற,” என்றாள் சரீபா.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுமையாகிவிட்ட பின்விறாந்தையைக் கூட்டப் போனாள்.